என்னையும் எழுதுங்க

ஐறீனை எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் பிடிக்காது. அதை நாங்கள் ஒளித்து வைத்ததும் இல்லை. கொட்டாஞ்சேனையில் அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடைக்குள் போய் ஒரு ஏச்சாவது வாங்காமல் வெளியே வந்த ஆள் கிடையாது. காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொண்டுபோனால், "வாங்கேக்க உங்கட கால் எவ்வளவு எண்டு தெரியாதா?" என்பாள். பிளவுஸ் இறுக்கமாகிவிட்டது என்றால், "பிளவுஸ் அப்படியேதான் இருக்கு" என்பாள். ஆனால் அவள் போட்ட தையல் பிரியாது. சொன்ன நாளில் தந்துவிடுவாள். அதனால் திட்டிக்கொண்டே மறுபடியும் அங்கேதான் போவோம்.

ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று பங்குச் சுவாமி ஒருமுறை கேட்டதற்கு, "ஒருத்தருக்குச் சமைச்சுப் போடுற அளவுக்கு எனக்கு யாரிலயும் மரியாதை வரேல்ல ஃபாதர்" என்றாளாம்.

தேர்தல் வந்தால் அவளுடைய வாய் இன்னும் கெட்டுப்போகும். வாக்காளர் அட்டையைக் கொண்டுவரும் தபால்காரரின் கண் முன்னாலேயே அதை இரண்டாக வெட்டுவாள். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் அளவு எழுதப் பாவிப்பாள். போன மூன்று தேர்தல்களிலும் எங்கள் இடுப்பளவுகள் அந்த அட்டைகளில்தான் எழுதப்பட்டன.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் பிறந்து வளர்ந்தது கொம்பனித்தெருவில், ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்குபோட்ட வரிசை வீடுகளில். அங்கே உயர்ந்த கட்டடம் கட்ட ஆட்கள் வந்தபோது யாரும் யாரையும் மிரட்டவில்லை. எல்லோரும் இருக்க வாங்குகள் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். பிளேன்டீ கொடுத்தார்கள். காணியை விட்டுவிட்டு மாடி வீட்டுக்குப் போக விருப்பமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். பெரும்பாலான வீடுகள் தூக்கின. ஐறீனின் தகப்பன் யேசுரட்ணம் தூக்கவில்லை. வாசலில் சைக்கிள் திருத்திப் பிழைத்த மனிதர் அவர். ஒன்பதாம் மாடிக்கு யார் சைக்கிள் கொண்டுவருவார்கள் என்று கேட்டார். அவரைப்போல இன்னும் சில வீடுகளும் கையைத் தூக்கவில்லை. கூட்டம் முடிந்தது, தீர்மானம் எழுதியாயிற்று, தூக்காதவர்களின் வீடுகளையும் சேர்த்தே இடித்தார்கள். யேசுரட்ணம் மாடி வீட்டு ஜன்னலோரம் ஒரு கதிரையில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டுச் செத்துப்போனார்.

"ரவுடி பறிச்சிருந்தா பொலிசுக்குப் போயிருப்பம்" என்று ஐறீன் சொல்வாள். "பக்கத்து வீட்டுக்காரன் கையைத் தூக்கிப் பறிச்சான். அதுக்கு எங்க போறது?"

அப்படியென்றால் நாட்டை யார்தான் ஆள்வது என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "குலுக்கிப் போடுங்க. யாருக்கு விழுதோ அவன் ரெண்டு வருசம் செய்துபோட்டு வீட்ட போகட்டும்." ஒக்டோபர் மாதத்தில் மாதாவின் சுரூபம் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போகும். எந்த வீட்டுக்கு முதலில் என்பதை ஒரு தகர டப்பாவில் பெயர்களைப் போட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். "அதில எப்பவாவது சண்டை வந்திருக்கா?" என்று கேட்பாள். சுரூபத்தையும் நாட்டையும் ஒன்றாகப் பேசுகிறாளே என்று நாங்கள் சிரிப்போம்.

அவளுடைய கடைக்கு அடுத்தது தாஸிமின் கடை. ஃபோன் திருத்துகிறவன். முப்பத்தைந்து வயது இருக்கும், தாடி வைத்தவன், உரத்துப் பேசாதவன், 'சொல்ல' என்பதைச் 'செல்ல' என்றும் 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்றும் சொல்கிறவன். இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தத் தடுப்புக்கு இருபுறமும் எந்நாளும் சண்டை. அவனிடம் வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை இவளுடைய வாசலில் நிறுத்துவார்கள். அவன் தொழுகிற நேரம் பார்த்து இவள் தையல் மெஷினை ஓடவிடுவாள். இவளுடைய கண்ணாடியில் கையில்லாத பிளவுஸ் போட்ட ஒரு பெண்ணின் பெரிய படம் ஒட்டியிருந்தது. அவன் கடை திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவான். அதைக் கண்டு இவள் அந்தப் படத்தை இன்னும் அவன் பக்கமாக நகர்த்தி ஒட்டினாள்.

தாஸிமும் வாக்குப் போடுவதில்லை. சட்டம் போடும் உரிமை இறைவனுக்கு மட்டும்தான், மனிதர்கள் கூடிக் கை தூக்கிச் சட்டம் போடுவது பிழை என்பது அவனுடைய எண்ணம். கேட்டால் சொல்வான். கேட்காதவர்களிடம் சொல்லமாட்டான்.

"அப்ப உங்கட ஆக்கள் ஆள்றவனை எப்படித் தெரிவு செய்வாங்க?" என்று ஐறீன் ஒருநாள் கேட்டாள்.

"படிச்ச பெரியாக்கள் கூடிப் பேசி முடிவெடுப்பாங்க ஆன்ட்டி."

"அந்தப் பெரியாக்களில ஒரு பொம்பிளையாவது இருப்பாளா?"

தாஸிம் ஒரு ஃபோனின் மூடியைக் கழற்றினான்.

"அதுதானே" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.

ஐறீனுக்கு ஒரு அக்கா இருந்தாள், மாக்ரெட். ஈஸ்டர் ஞாயிறு பூசைக்குப் போனவள், முஸ்லிம் தீவிரவாதிகள் வெடிக்கவைத்த குண்டில் செத்தாள். அவளுடைய கணவர் ஷெல்டன் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றதால் உயிர் தப்பினார். அந்த நாட்களில் தாஸிம் கடையைப் பூட்டிவிட்டுப் போய், பல வாரங்களுக்குப் பிறகுதான் வந்து திறந்தான். திறந்த அன்று காலையில் ஐறீனின் வாசலில் வந்து நின்று, அக்காவுக்காக மனவருத்தம் சொல்ல வாயெடுத்தான்.

"நீ செய்யேல்ல எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் ஐறீன். "ஆனா இப்ப உன்ட முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது. போ."

அவன் போய்விட்டான். அதன்பிறகு நெடுநாள் அவர்களுக்குள் சண்டைகூட இருக்கவில்லை.

ஷெல்டன் வேறு மாதிரி ஆனார். கப்பல் ஏஜன்ஸி ஒன்றில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். சாந்தமான மனிதர். மாக்ரெட் போன பிறகு பொலிஸாரோடு சேர்ந்து இயங்குகிற சிவில் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தார். எந்த வீட்டுக்கு யார் புதிதாக வாடகைக்கு வருகிறார்கள், எந்தக் கடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதே அவருடைய வேலையாயிற்று. சந்தியில் நின்று, "இந்த நாட்டுக்கு ஒரு ஆமிக்காரன் வேணும். பத்து வருசத்துக்கு எலக்ஷனும் வேணாம், பார்லிமென்டும் வேணாம்" என்று சொல்வார். யாரும் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்த மனிதர், சொல்லட்டும் என்று விட்டோம். உண்மையைச் சொன்னால், பாதிப்பேர் தலையாட்டினோம்.

மாநகர சபைத் தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் எங்கள் வீதிக்கு வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவன் ஃபோனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு வந்தான். வேட்பாளர் தாஸிமின் கடையில் நின்று துண்டுப்பிரசுரத்தை நீட்டினார்.

"தம்பிட வோட் எங்களுக்குத்தானே?"

"கோவிக்க வேணாம் சேர். நான் ஒத்தருக்கும் வோட் போடுற இல்ல."

"ஏன் தம்பி, கிடைச்ச உரிமையை வீணாக்கிறீங்க?"

"மனிசன் போட்ட சட்டத்தால மனிசன ஆள்றத நான் ஏத்துக்கொள்ற இல்ல. என்ட மார்க்கத்துல அது பிழை. மத்தாக்கள் போடுறதுக்கு நான் ஒண்ணும் செல்ல மாட்டன்."

"அப்ப நீங்க ஜனநாயகத்துக்கு எதிரா?"

தாஸிம் கொஞ்சம் யோசித்தான். "ஓ, அப்பிடியும் செல்லலாம்" என்றான்.

அந்த நேரம் ஐறீன் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தாள். வாசலை மறித்துக்கொண்டு கூட்டம் நின்றதில் அவளுக்கு ஏற்கனவே எரிச்சல்.

"அவனிட்ட என்ன கேள்வி? என்னட்டக் கேளுங்க. நானும் போடுறதில்ல. உங்கட பார்லிமென்ட், மாநகர சபை எல்லாத்தையும் பூட்டிப்போட்டுச் சாவியை ஹாபருக்குள்ள எறியோணும். ஆள் கூடினவன் ஆள் குறைஞ்சவனை மிதிக்கிறதுக்கு ஒரு பேர் வச்சிருக்கிறீங்க. ஜனநாயகம். எனக்கு வேணாம் அது."

இன்னும் நிறையச் சொன்னாள். வேட்பாளர் சிரித்துச் சமாளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். படமெடுத்தவனின் ஃபோன் கடைசிவரை அவளுடைய முகத்துக்கு நேரேதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பின்னேரம் அந்த வீடியோ எல்லோருடைய ஃபோனுக்கும் வந்தது. அதில் தாஸிம் மட்டும் இருந்தான். "ஓ, அப்பிடியும் செல்லலாம்" என்றதோடு படம் நின்றது. மேலே சிங்களத்தில், கொட்டாஞ்சேனையில் ஒளிந்திருக்கும் தீவிரவாதி என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சிவில் உடையில் ஆட்கள் ஒரு வான் வண்டியில் வந்து தாஸிமைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுடைய மனைவி றினோஸா செய்தி கேட்டு ஓடிவந்தபோது கடை திறந்து கிடந்தது, மேசையில் பாதி கழற்றிய ஃபோன்கள் இருந்தன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்திருக்கிறார்கள் என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. றினோஸா வீதியில் நின்று ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐறீனும்தான்.

அவள் வீடியோவைப் பார்த்தது அதற்கு அடுத்த நாள். பாவாடைக்கு நாடா போட வந்த ஒருத்தி காட்டினாள். ஐறீன் அதை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் எங்க?" என்றாள்.

அவள் நியாயம் தேடிப் புறப்பட்டாள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. தன்னுடைய கதையை வெட்டிவிட்டார்கள் என்ற கோபத்தில்தான் முதலில் கிளம்பினாள். கடையைச் சாத்திவிட்டு நேரே வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போய், படமெடுத்தவனைப் பிடித்தாள். முழுப் படத்தையும் தரச் சொன்னாள்.

"அது இல்ல ஆன்ட்டி, அழிச்சாச்சு" என்றான் அவன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஷெல்டன் அங்கிள்தான் வந்து உங்களை வெட்டச் சொன்னார். உங்கட சொந்தக்காரர்தானே, அவரிட்டக் கேளுங்க" என்றான்.

ஷெல்டனின் வீட்டில் மாக்ரெட்டின் படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐறீன் உட்காரவில்லை.

"அத்தான், என்னை ஏன் வெட்டினீங்க?"

"உன்னையும் வானில ஏத்தட்டும் எண்டா? மாக்ரெட்டிட தங்கச்சியை நானே பிடிச்சுக் குடுக்கோணுமா?"

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கதைதானே கதைச்சம்."

"ஒரே கதை இல்ல. நீ கோவத்தில சொன்னாய். அவன் நம்பிச் சொன்னான்."

"நானும் நம்பித்தான் சொன்னன்."

"விசர்க்கதை கதைக்காத ஐறீன். உன்ட அக்காவைக் கொலை செய்தவங்களும் இப்படிக் கதைச்சுத்தான் தொடங்கினவங்கள்."

ஐறீன் அக்காவின் படத்தைப் பார்த்தாள். "அக்காவைக் கொலை செய்தவன் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்" என்றாள். "அதுக்காக அவனை நான் சாகுமட்டும் மன்னிக்க மாட்டன். அவன் சும்மா வோட் போடாம வீட்டில இருந்திருந்தா அக்கா இண்டைக்கு இருந்திருப்பா."

"இவன் நாளைக்கு அப்படி வரமாட்டான் எண்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நாளைக்கு நீங்க என்ன செய்வீங்க எண்டும் எனக்குத் தெரியாது. அதுக்காக இண்டைக்கு உங்களைப் பிடிச்சு அடைக்கிறதா?"

ஷெல்டன் எழுந்து கதவைத் திறந்தார். "போ" என்றார். "உனக்கு நல்லது செய்ததுக்கு எனக்கு இது வேணும்."

"வெட்ட முதல் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று படியில் நின்று கேட்டுவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். சிங்களத்தில்தான் பேச்சு, ஐறீனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தாஸிம் சொன்ன அதே இடத்தில் அதே நேரத்தில் தானும் ஜனநாயகத்துக்கு எதிராகப் பேசியதாகவும், அவனைவிடக் கூடப் பேசியதாகவும் சொன்னாள். "என்னையும் எழுதுங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஆன்ட்டி, உங்கள் அக்காவை எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதானே. எங்கள் அம்மாவும் டிவியைப் பார்த்துவிட்டு, இந்தக் கள்ளர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சுடவேண்டும் என்பார்."

"அப்ப அம்மாவையும் எழுதுங்க மாத்தயா."

அவருடைய சிரிப்பு நின்றது. "பேச்சை மட்டும் பார்த்து நாங்கள் ஆளைப் பிடிப்பதில்லை. பின்னணியையும் பார்ப்போம்."

"என்ட பின்னணியில என்ன இல்ல? தாடியா?"

மேலிடம் முடிவு செய்யும், அது தன்னுடைய கையில் இல்லை என்றார். அவள் வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தும் அவள் அங்கேயே இருப்பதைக் கண்டு, ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். கான்ஸ்டபிள் எழுதி முடித்து வாசித்துக் காட்டினான். சாட்சிக்கு அரசியல்வாதிகள்மேல் வெறுப்பு இருப்பதாக அதில் இருந்தது.

"அரசியல்வாதியில இல்ல, முறையில" என்றாள் ஐறீன். "வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதுங்க. இன்னொண்டும் எழுதுங்க. தாஸிம் சொல்ற ஆட்சியும் எனக்கு வேணாம். அது இதைவிட மோசம்."

கான்ஸ்டபிள் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "பிறகு யாருக்காக வந்தீர்கள்?" என்று கேட்டான். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

அவள் வீடு வந்து சேருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது. அக்காவைக் கொன்ற கூட்டத்துக்குப் பரிந்து பேசப் போனவள் என்று பெண்கள் பைப்படியில் நின்று சொன்னார்கள். தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் காலை வந்து பார்த்தால் கடைப் பூட்டுக்குள் சுப்பர் குளூ ஊற்றியிருந்தது. ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்துத் திறந்தாள். யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி முறைத்துப் பார்த்தாள். அதனால் எங்களுக்கு அவள்மேல் இன்னும் வெறுப்பு வந்தது.

அந்த மாதக் கடைசியில் சிவில் பாதுகாப்புக் குழு, கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் வைத்தது. தீவிரவாதத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பது எப்படி என்பது விஷயம். இன்ஸ்பெக்டர் சுவரில் படங்கள் காட்டி விளக்கினார். ஒரு படத்தில் தீவிரவாதியின் அடையாளங்கள் என்று சில வரிகள் இருந்தன. முதலாவது வரி, ஜனநாயக ஆட்சிமுறையை நிராகரித்தல். ஐறீன் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாக இருந்தன.

பிறகு ஷெல்டன் பேச எழுந்தார். மாக்ரெட்டைப் பற்றிச் சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. எங்கள் கண்களும் கலங்கின. அதன்பிறகு அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். எலக்ஷன்தான் இந்த நாட்டைக் கெடுத்தது. பார்லிமென்டைக் கலைத்துவிட்டு, ஆமிக்காரனைப்போலத் துவக்குப் பிடிக்கத் தெரிந்த ஒருவனிடம் பத்து வருடத்துக்கு நாட்டைக் கொடுக்கவேண்டும். கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டரும் மெல்லத் தலையை ஆட்டினார்.

ஐறீன் எழுந்தாள். சிங்களத்தில் கேட்டாள், எல்லோருக்கும் விளங்கும்படி. "மாத்தயா, கொஞ்சம் முதல் காட்டின படத்தைத் திருப்பிப் போடுங்க. முதலாவது வரி. எங்கட அத்தான் இப்ப சொன்னது அந்த வரிக்குள்ள வருமா, வராதா?"

 இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்த, படம் காட்டும் கருவியின் வயரைச் சரிசெய்தார்.

"நான் நாட்டில இருக்கிற பாசத்தில சொல்றன்" என்றார் ஷெல்டன்.

"பாசம் எண்டா எழுதமாட்டாங்களா? அப்ப தாஸிமிட மனசில என்ன இருக்கு எண்டு யார் பாத்தது? எந்தத் தராசில?"

"அக்காட பேரால நடக்கிற கூட்டத்தில உனக்கு வெக்கமில்லையா?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். அதோடு எல்லோரும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். ஒருவர் ஐறீனின் கதிரையை இழுத்தார். தலைவராக இருந்தவர் மேசையைத் தட்டி, குழப்பம் வேண்டாம், முறையாகச் செய்வோம் என்றார். இவர் வெளியே போகவேண்டும் என்று விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

கைகள் உயர்ந்தன. ஐறீன் ஒரு நிமிடம் நின்று அவற்றைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது தகப்பனின் நினைவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். ஷெல்டன் மட்டும் கையைத் தூக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒக்டோபரில் தகர டப்பாவுக்குள் அவளுடைய பெயரை யாரும் போடவில்லை.

தாஸிமை உடனே விடவில்லை. தேர்தல் முடிந்தது, வேட்பாளர் வென்றார், மழைக்காலம் வந்தது. றினோஸா ஒருநாள் சட்டத்தரணி ஒருவரோடு ஐறீனின் கடைக்கு வந்தாள். ஐறீன் தான் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றிச் சொன்னாள். சட்டத்தரணி பொலிஸாரின் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்து, அப்படி ஒரு வாக்குமூலம் அதில் இல்லை என்றார்.

"அங்கயும் வெட்டிப்போட்டாங்கள்" என்றாள் ஐறீன்.

வழக்குப் போட ஒன்றும் இல்லை என்று கடைசியில் அவனை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. அதற்குள் கடைச் சொந்தக்காரர் கடையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். சாமான்களை எடுத்துப்போக வந்த தாஸிமைப் பார்த்தபோது எனக்கே ஆளைத் தெரியவில்லை. தாடியை எடுத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு ஐறீனின் வாசலுக்கு வந்தான்.

"ஆன்ட்டி எனக்காகப் பொலிசுக்குப் போனீங்களாம்."

"உனக்காகப் போகேல்ல. என்னை வெட்டினாங்கள், அதுக்குப் போனன்."

"உள்ளுக்கு எனக்கிட்டக் கேட்டது ஒரே கேள்விதான். வோட் போடாட்டி வேற என்னத்தச் செய்யப் போற எண்டு. ஒண்ணும் செய்யப் போறல்ல, ஃபோன் திருத்தப் போறன் எண்டு சென்னா அடிச்சாங்க. உங்களுக்கிட்ட யாரும் அந்தக் கேள்வியக் கேட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க என்னத்தயும் செல்லலாம் ஆன்ட்டி. சிரிச்சிட்டு விடுவாங்க. அதுக்கு எனக்கு நன்றி செல்ல ஏலாம ஈக்கி."

"நன்றி கேட்டனா?" ஐறீன் மெஷினை நிறுத்தினாள். "நான் ஒண்டு கேக்கிறன், நேராச் சொல்லு. உங்கட ஆக்கள் ஆள வந்தா என்ட கடை இருக்குமா?"

தாஸிம் உண்மையாகவே யோசித்தான். "கடை ஈக்கும்" என்றான். "கண்ணாடில ஈக்கிற அந்தப் பொம்புளப் படத்தக் கழட்டச் செல்லுவாங்க."

"நீயும் சொல்லுவியா?"

"நானும் செல்லுவன்."

"அப்ப போ" என்றாள்.

அவன் போனான். இப்போது தெஹிவளையில் வேறு ஒருவரின் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறான். யாராவது தேர்தலைப் பற்றிக் கேட்டால், நான் போட்டுவிட்டேன் என்று சொல்கிறானாம். றினோஸாவைப் புறக்கோட்டையில் கண்டபோது அவள்தான் சொன்னாள். ஐறீனிடம் நான் அதைச் சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "நல்லா இருக்கு. ஒரு பொய்யனை உண்டாக்கினதுக்கு அத்தானுக்கு ஒரு மெடல் குடுக்கலாம்" என்றாள்.

ஐறீனின் கடைக்கு எங்கள் ஆட்கள் இன்னும் முன்போல வருவதில்லை. வெள்ளவத்தையில் ஒரு சாரிக் கடைக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். வாரத்தில் இரண்டு தடவை பஸ்ஸில் போய் எடுத்து வருகிறாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது என்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது. அங்கேயும் சண்டை பிடிக்கிறாள் என்று கேள்வி.

போன ஏப்ரலில், மாக்ரெட்டின் நினைவுப் பூசைக்கு முன்தினம், நான் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைக்கக் கொடுத்துவிட்டு அங்கே நின்றேன். ஷெல்டன் வந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. கையில் ஒரு கறுப்புக் காற்சட்டை இருந்தது.

"இடுப்புப் பெருசாப் போச்சு. நாளைக்குப் போடோணும்" என்றார்.

"நீங்கதான் மெலிஞ்சு போனீங்க. போட்டுக்கொண்டு வாங்க, பாப்பம்."

திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல், கால் நிலத்தில் இழுபட்டது. ஐறீன் குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு முழங்காலிட்டுக் கீழ்மடிப்பைப் பிடித்தாள்.

"அண்டைக்கு நான் செய்தது உனக்காகத்தான்" என்றார் ஷெல்டன்.

அவள் தலையை ஆட்டினாள். அது தெரியும் என்றா, பேசாதீர்கள் என்றா என்று எனக்கு விளங்கவில்லை.

"தாஸிமை விட்டது சரியா பிழையா எண்டு எனக்கு இன்னும் தெரியாது" என்றார் அவர். "ஆனா இந்த நாட்டுக்கு ஒரு ஆள் வேணும் ஐறீன். அதில மட்டும் நான் மாறமாட்டன்."

ஐறீன் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நானும் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"காலை நேரா வைச்சுக்கொண்டு நில்லுங்க அத்தான்" என்றாள். "ஊசி குத்தும்."